நூல் விடுவது எப்படி?

தலைப்பைப் பார்த்ததும் காலரைச் சரிசெய்துகொண்டு ஆர்வமாக வந்து உட்கார்ந்திருக்கும் வாலிப அன்பர்களே, மன்னிக்கவும். நீங்கள் நினைக்கிற நூல் இல்லை இது. பஸ் ஸ்டாப், எதிர் சீட்டு சமாசாரம் எதுவும் இதில் வராது. இது நிஜ நூல். தோல் தைக்கிற நூல்.

அதற்காக உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பின் பாக்கெட்டில் ஒரு பர்ஸ் இருக்கிறதல்லவா? அதை ஒரு நிமிஷம் வெளியே எடுங்கள். பணத்தை எண்ணச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன். ஓரமாக ஓடுகிற தையலை மட்டும் பாருங்கள். மடிப்பு விழுகிற இடத்தில் ஒரு நூல் நுனி எட்டிப் பார்க்கிறதா? அநேகமாகப் பார்க்கும். அதைப் பிடித்து இழுக்கவேண்டும் என்று கை துறுதுறுக்கும். இழுக்காதீர்கள். ஏன் என்று பிற்பாடு சொல்கிறேன்.

தோல் சாமான் வாங்கப் போனால் நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்? "ஒரிஜினல் லெதர்தானே?" என்று கேட்கிறோம். ஏதோ மூக்குக்குத் தெரிந்துவிடும்போல மோந்து பார்க்கிறோம். ஜிப்பை நாலு தடவை மேலும் கீழும் இழுக்கிறோம். எத்தனை அறை, எத்தனை கார்டு என்று எண்ணுகிறோம். நூலை மட்டும் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டில் தவில்காரரைப் பார்ப்பார்கள், நாதஸ்வரக்காரரைப் பார்ப்பார்கள், பின்னால் சுருதி பிடிக்கிறவரை யாராவது பார்க்கிறார்களா? அந்த மாதிரி. ஆனால், எனக்குத் தெரிந்து தோல் கிழிந்து குப்பைக்குப் போன பைகளைவிடத் தையல் விட்டுக் குப்பைக்குப் போன பைகள்தான் அதிகம்.

எனக்கு இந்த நூல் ஞானம் வந்தது ஒரு பழைய பையால். என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். 2004-ல் ரிடையர் ஆனார். பை ரிடையர் ஆகவில்லை. 1979-ல் சொந்தக் காசில் சொல்லித் தைத்து வாங்கிய பை அது. பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல். ஆவாரம்பட்டை வைத்துத் தோல் பதனிடுவது நம்ம ஊர்ப் பழைய வித்தை. வெள்ளைக்காரன் இதைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போய் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று பெயர் வைத்தான். இன்றைக்கும் அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, நம்ம காஞ்சிபுரம் பட்டு மாதிரி. குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட தோல் நாளாக நாளாகச் சும்மா பழசாகும். பட்டை போட்ட தோல் அப்படியில்லை. வெயிலும் கையெண்ணெயும் பட்டுப் பட்டு நிறம் ஏறிக்கொண்டே போகும். அப்பாவின் பை இப்போது நன்றாக முறுகின கருப்பட்டி நிறம்.

அதைச் சுமந்த காலத்தில் அதில் முக்கியமான சரக்கு சில்லறை. 1992-க்குப் பிறகு வந்த எஃகு ஒரு ரூபாய்க் காசு ஒன்று 4.85 கிராம். இருநூறு காசு சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. இது தவிர எட்டணா, நாலணா, நோட்டுக் கட்டு, டிக்கெட் கட்டு. இவ்வளவையும் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் முன்னும் பின்னும் நடக்கவேண்டும். பை தாங்கியது. இன்றைக்கு அதே பையில் பென்ஷன் காகிதங்கள், பிரஷர் மாத்திரை, கண்ணாடிக்கூடு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதின பால் கணக்கு, ஒரு விசில். விசில் எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்டா, அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாட்டுத் தையல் ஒரு சாண் நீளத்துக்கு விட்டுப்போனது. ஊருக்குப் போயிருந்த அப்பா அங்கே ஒரு கடையில் கொடுத்தார். "அரை மணியில மெஷின் போட்டுத் தந்துடறோம் பெரியவரே" என்றார்களாம். சொன்ன சொல் தவறவில்லை. அரை மணியில்தான் தந்தார்கள். மெல்லிசு நைலான் நூல், பொடிப்பொடித் தையல், அங்குலத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு. அதுவும் பழைய ஓட்டைகளில் இல்லை. பழைய ஓட்டை வரிசைக்கும் விளிம்புக்கும் நடுவில் புதிதாக ஒரு வரிசை! பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒரே வருஷம். தபால் தலைத் தாளில் ஓட்டை போட்டு வைத்திருப்பார்களே, கிழிக்க வசதியாக, அந்த மாதிரி தோல் வரிசையாகக் கிழிந்து வந்துவிட்டது. நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு தையல்கூட விடாமல், கிழிந்த தோல் துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கம்பீரமாகத் தொங்கியது.

இப்போது மிச்சம் இருப்பது 1979-ல் குத்தின அந்தப் பழைய ஓட்டை வரிசை மட்டும்தான். அதுவும் கிழிந்தால் தைக்கத் தோல் கிடையாது, பை அவ்வளவுதான். "புதுசு வாங்கிக்கலாம்பா" என்று சொல்லிப் பார்க்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சண்டை போடமாட்டார். சரி என்று சொல்லிவிட்டு, மாத்திரையை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். அதைப் பார்க்கிற திராணி எனக்கு இல்லை.

எங்கள் பஸ் ஸ்டாப் பக்கத்தில் புங்கமரத்தடியில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் பையை எடுத்துக்கொண்டு போனேன். முப்பது வருஷத்துக்கு மேலாக அதே இடம். பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலை நகத்தால் அழுத்தினார். கிழிந்த துண்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், மெஷின் உட்டாங்களா?"

"ஆமாண்ணே. நூல் நல்ல ஸ்ட்ராங்தான், ஆனா..."

"அதான் சார் தப்பு. நூலு அறுந்தா நாளைக்கு நானே பத்து நிமிஷத்துல தச்சுக் குடுத்துருவேன். தோலு அறுந்தா இன்னாத்த தைக்கிறது? நூலு தோலைவிடக் கொஞ்சம் சாதுவா இருக்கணும்."

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவருக்குப் பீஸ் கொடுத்திருக்க வேண்டும். பின்னால் எத்தனையோ பேர் சொன்னதைக் கேட்டேன், படித்தேன். எல்லாம் இதற்குள் அடக்கம்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தோல் தைப்பது இப்போது படித்தவர்களுக்கு நடுவே ஒரு பொழுதுபோக்காகி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஏ.சி. ஹால், கையில் காபி. நான் தைத்த பர்ஸை ஆபீஸில் காட்டினால் "பிரமாதம் சார், எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று பத்துப் பேர் கைகுலுக்குகிறார்கள். முப்பது வருஷமாக அதே வேலையை என்னைவிடப் பத்து மடங்கு நன்றாகச் செய்கிறவருக்கு உட்கார ஒரு நிழல் கொடுக்க மாநகரத்தில் இடமில்லை. கைகுலுக்குவது கிடக்கட்டும், செருப்பைக் காலாலேயே தள்ளிவிடுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். சரி, நூலுக்கு வருவோம்.

அண்ணன் சொன்ன யோசனை: கிழிந்த விளிம்பை மூடுகிற மாதிரி புதுத் தோலில் ஒரு பட்டி மடித்துப் போட்டு, பழைய ஓட்டைகள் வழியாகவே கையால் தைப்பது. "பட்டி நான் வெட்டித் தரேன். நூலு என்கிட்ட இருக்கறது நைலான்தான். செருப்புக்கு அது போதும். இதுக்கு நீ நல்லதா பார்த்து வாங்கியா." தைப்பதை நானே தைக்கிறேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். "தை சார். நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

பெரியமேடு போனேன். தோல், பக்கிள், பசை, சோல் என்று காலணி சாமான்கள் கொட்டிக்கிடக்கிற பேட்டை. கடைப் பையனிடம் "தோல் தைக்க நூல் வேணும்ப்பா" என்றேன். "என்ன நம்பர் சார்?" என்றான். நூலில் இறங்குகிறவன் முதலில் முட்டிக்கொள்கிற சுவர் இதுதான்.

வேட்டி பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். 40-ஆம் நம்பர் நூலைவிட 80-ஆம் நம்பர் சன்னம். நம்பர் ஏற ஏற நூல் இளைக்கும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை அடங்குகிறதோ, அதுதான் பருத்தி நூலின் நம்பர். லினன் நூலுக்கும் இதே பாணிதான், ஆனால் சிட்டத்தின் நீளம் 300 கஜம். நைலான், பாலியஸ்டர் என்று வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது டெனியர். 1000 மீட்டர் எத்தனை கிராம் என்பது டெக்ஸ். இங்கே நம்பர் ஏற ஏற நூல் பருக்கும். சரி, இதோடு விட்டார்களா? தையல் நூல் கண்டில் 'டிக்கெட் நம்பர்' என்று இன்னொன்று போடுவார்கள். 3000-ஐ டெக்ஸால் வகுத்தால் வருகிற எண்ணை ஒட்டி அது இருக்கும். மறுபடியும் நம்பர் ஏற ஏற நூல் இளைக்கும்! பரீட்சையில் மார்க் என்றால் அதிகம் நல்லது, ரேங்க் என்றால் குறைச்சல் நல்லது இல்லையா, அப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள். டெனியரும் டெக்ஸும் மார்க். டிக்கெட் நம்பர் ரேங்க். 40-ஆம் டிக்கெட் சுமார் 70 டெக்ஸ்; 20-ஆம் டிக்கெட் சுமார் 135 டெக்ஸ். கண்டக்டர் பைக்கு டிக்கெட் கணக்குப் பார்க்கவேண்டி வந்தது பொருத்தம்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இத்தனை குழப்பம் எதற்கு என்று கைவேலைக்காரர்கள் மில்லிமீட்டரில் பேசிவிடுகிறார்கள். அதுதான் நமக்கும் சௌகரியம். தையலுக்குத் தையல் 3 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் அரை மில்லிமீட்டர் தடிமன் நூல். 4 என்றால் 0.7, 0.8. அதற்கு மேல் போனால் 1. பர்ஸுக்குத் தடி நூல் போட்டால் சாக்கு மூட்டை மாதிரி இருக்கும். பைக்கு மெல்லிசு நூல் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் எங்கள் வீட்டில் சாட்சி தொங்குகிறதே. மெல்லிய நூல் தோலைக் கம்பி மாதிரி அழுத்தும். பருத்த நூல் பட்டையாக உட்கார்ந்து பாரத்தைப் பரப்பிக்கொள்ளும்.

அப்பாவின் பையில் பழைய ஓட்டைகளை ஸ்கேல் வைத்து அளந்தேன். அங்குலத்துக்கு ஆறு. அதாவது 4 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆக, தடிமன் முடிவாகிவிட்டது. என்ன ஜாதி நூல் என்பதுதான் பாக்கி. (நூலில் மட்டும்தான் சார் இந்தக் கேள்வியை நான் கேட்பேன்.)

சாம்பிளுக்கு நாலைந்து வகை நூல் சேர்த்தேன். பெரியமேட்டில் கொஞ்சம், தபாலில் வரவழைத்தது கொஞ்சம். ராத்திரி சாப்பாடு ஆனதும் டைனிங் டேபிளில் பரப்பிக்கொண்டு தோல் துண்டுகளில் தைத்துப் பார்ப்பது, இழுத்துப் பார்ப்பது, கொளுத்திப் பார்ப்பது. "வீட்டைக் கொளுத்தாம இருந்தா சரி" என்று தர்மபத்தினி ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கொளுத்திப் பார்ப்பது விளையாட்டில்லை. நூல் எது என்று தெரிந்துகொள்ள வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை அது. நைலானும் பாலியஸ்டரும் உருகும், நுனியில் உருண்டையாகக் கெட்டிப்படும். பருத்தியும் லினனும் உருகாது. காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, மெல்லிய சாம்பலாகும். அப்பாவின் பையில் மூடியின் வார்ப் பட்டைக்கு அடியில், வெயிலே படாத இடத்தில், 1979-ன் அசல் தையல் இரண்டு அங்குலம் அப்படியே இருந்தது. அதில் ஒரு துணுக்கை எடுத்துக் கொளுத்தினேன். காகித வாசனை. செடி நூல்! பருத்தியா, லினனா என்று நெருப்பு சொல்லாது. ஆனால் மெழுகு பிடித்திருந்தது விரலிலேயே தெரிந்தது. இருபத்தைந்து வருஷச் சில்லறையைச் சுமந்தது அந்தச் செடி நூல்தான்.

நைலான் வந்தது 1935-ல். அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் கோஷ்டி கண்டுபிடித்தது. பாலியஸ்டர் துணி நார் 1941-ல் இங்கிலாந்தில். அதற்கு முன்னால் சேணம், ஷூ, பெட்டி எல்லாம் பெரும்பாலும் செடி நூலில்தான் தைத்தார்கள். அதில் ராஜா லினன். டாக்டர்கள் பொடி பண்ணிச் சாப்பிடச் சொல்கிறார்களே ஆளி விதை, அந்தச் செடியின் தண்டு நார்தான் லினன். 1837-ல் பாரிஸில் குதிரைச் சேணம் செய்ய ஆரம்பித்த ஹெர்மெஸ் கம்பெனி, இன்றைக்கு ஒரு பைக்கு நம் வருஷச் சம்பளத்தைக் கேட்கிறது. அவர்கள் இன்னும் தேன்மெழுகு தடவின லினன் நூலில் கையால்தான் தைக்கிறார்கள்.

நைலான் நல்ல பலசாலி. 20-ஆம் டிக்கெட் நூல் ஒற்றை இழை சுமார் பத்துக் கிலோ தாங்கும். உரசினாலும் தேயாது. ஆனால் அது நீளும். அறுவதற்குள் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீண்டுவிடும். காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். மீன் துள்ளும்போது நூல் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டுமே! தோலில் அதுவே வினை. இழுத்து இறுக்கித் தைத்தால், நீண்ட நூல் திரும்பிச் சுருங்கப் பார்க்கும். ராத்திரி பகலாகத் தோலைக் கடித்துக்கொண்டே இருக்கும். அதற்காக நைலானை மட்டும் கூண்டில் ஏற்ற மாட்டேன். எங்கள் பையில் முதல் குற்றவாளி அந்தப் பொடி ஓட்டைகள். நைலான் உடந்தை. தூண்டில் போடுகிற நரம்பை எடுத்துத் தைக்கிறவர்களும் உண்டு. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். விறைத்துக்கொண்டு நிற்கும், முடிச்சும் நிற்காது.

பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. வெயிலில் நைலானைவிடத் தாக்குப் பிடிக்கும். வேர்வை, மழை எதற்கும் மசியாது, மக்காது. மெழுகு ஏற்றி, பின்னல் போட்டு, தட்டையாக வருகிற ஜெர்மன் பாலியஸ்டர் நூல் ஒன்று கைவேலைக்காரர்களிடம் வெகு பிரசித்தம். டைகர் என்பார்கள். தைத்துப் பார்த்தேன். பேஷாக உட்கார்கிறது. முடிவில் முடிச்சுப் போட வேண்டாம். நறுக்கி, லைட்டரை லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல நூல் கிடையாது. பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

பருத்தி எல்லாக் கடையிலும் கிடைக்கும். மெழுகு ஏற்றாமல் போட்டால் வேர்வை படுகிற இடத்தில் இற்றுவிடும். லினன் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான் நீளும். அதனால் கை எவ்வளவு இறுக்கியதோ அப்படியே நிற்கும். இன்னொரு வேடிக்கை, நனைந்தால் அதற்குப் பலம் கூடும். நைலானுக்கு நனைந்தால் கொஞ்சம் குறையும். ஆனால் ஈரத்திலேயே கிடந்தால் லினனுக்குப் பூஞ்சை பிடிக்கும். செடி அல்லவா! அதற்குத்தான் தேன்மெழுகு. நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள், கட்டியாகக் கிடைக்கும். நூலை அதன்மேல் மூன்று தடவை இழுத்து, ஒரு துணியால் சூடு வர உருவிவிட வேண்டும். மெழுகுவர்த்தியைத் தேய்க்காதீர்கள், அது பொருக்குப் பொருக்காக உதிரும்.

ஆக, கடைசிச் சுற்றில் இரண்டு பேர். பாலியஸ்டரா, லினனா?

சென்னைப் புழுக்கத்தை நினைத்தால் பாலியஸ்டர். என் பர்ஸுக்கு யோசிக்காமல் அதைத்தான் போட்டேன். பின் பாக்கெட்டில் நாள் பூரா வேர்வையில் ஊறுகிற ஜென்மம் அது. தோல் புதுசு, பலமானது. நூல்தான் முதலில் போகும் என்பதால் நூல் சாகாவரம் வாங்கியதாக இருக்கட்டும். ஆனால் அப்பாவின் பை அப்படியில்லை. அது இப்போது யார் தோளிலும் நாள் பூரா தொங்குவதில்லை. ஆணியில் மாட்டியிருக்கிறது. சுமப்பது காகிதமும் மாத்திரையும். தோலுக்கு வயசாகிவிட்டது. தோலும் நூலும் இழுத்துப் பார்த்துக்கொண்டால் தோற்கவேண்டியது நூல்தான். அண்ணன் சொன்ன அந்தச் சாது, லினன். 18/4 என்று கண்டில் போட்டிருந்தது. 18-ஆம் நம்பர் நூலில் நாலு புரி என்று அர்த்தம்.

நிறம் என்ன என்பதில் வீட்டில் ஒரு சின்ன சட்டசபை கூடியது. என் மகன் சிவப்பு என்றான், வெளிநாட்டுப் பையில் பார்த்தானாம். மனைவி, அழுக்குத் தெரியாத பிரவுன் என்றாள். அப்பா அந்த வார்ப் பட்டைக்கு அடியில் இருந்த அசல் தையலைத் திறந்து காட்டினார். வெண்ணெய் நிறம். "இதே கலர் போடு. ஆறு மாசத்துல அதுவே கலர் ஏறிக்கும்" என்றார். மசோதா நிறைவேறியது.

எவ்வளவு நூல் வேண்டும் என்பதற்குத் தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. பர்ஸுக்குச் சரி. பைக்குச் சரிவராது. பட்டியோடு சேர்த்து எங்கள் பையின் விளிம்பு 5 மில்லிமீட்டர் தடிமன். ஒரு தையல் 4 மில்லிமீட்டர். இருபுறமும் ஓடுகிற நூல் 8. ஓட்டைக்குள் இரண்டு நுனியும் ஒருமுறை நுழைவதற்குப் பத்து. மொத்தம் 18. 4-க்கு 18 என்றால் நாலரை மடங்கு. முப்பது செண்டிமீட்டர் தைக்க 135 செண்டிமீட்டர், ஊசிகளில் கோக்கவும் கையில் பிடிக்கவும் இன்னொரு ஐம்பது. எக்செல்லில் போட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள், மனக்கணக்கே போதும்.

இப்போது அந்தப் பர்ஸ் நூல் விஷயம். மெஷின் தையலில் மேல் நூல், கீழ் நூல் என்று இரண்டு. ஒன்றை ஒன்று தோலுக்கு நடுவில் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு நூல் அறுந்து, அந்த நுனியை இழுத்தால் பிடி விட்டுப்போய் வரிசையாகக் கழன்றுவிடும். அதனால்தான் இழுக்காதீர்கள் என்றேன். சேணத் தையல் அப்படியில்லை. ஒரே நூல், இரண்டு முனையிலும் இரண்டு மழுங்கின ஊசி. ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, ஊசிக்குக் கூர்மை வேண்டாம். கூராக இருந்தால் எதிர் நூலையே குத்தும். ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியும் எதிரும் புதிருமாகப் போகும். ஒரு இடத்தில் ஒரு இழை அறுந்தாலும் இன்னொரு இழை அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த வேலையைச் சாதாரணத் தையல் மெஷின் செய்யாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புங்கமரத்தடியில் அண்ணன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பட்டியைச் சீவி, பசை தடவி ஒட்டிக் கொடுத்தார். அவர் கொக்கி வைத்த குத்தூசியால் தைக்கிறவர். கீழேயிருந்து நூலை வளையமாக இழுத்து, மறு நுனியை அதற்குள் நுழைத்து இறுக்குவார். என் இரட்டை ஊசியை வேடிக்கை பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா நீ ஒரு பை தைக்கறதுக்குள்ள நான் எட்டு செருப்பு தச்சுருவேன் சார்" என்றார். உண்மை. இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. இழுக்கும்போது மட்டும் இரண்டு தடவை கையைத் தட்டினார்: "போதும் போதும், தோலு முகம் சுளிக்குது பாரு." பக்கத்திலிருந்து பார்த்தால், நூல் தோலுக்குள் பள்ளம் விழுகிற மாதிரி புதையக் கூடாது. அணைந்தாற்போல உட்கார வேண்டும். அதுதான் இறுக்கத்தின் அளவு. பட்டிக்கும் பக்கத்தில் இருந்ததற்கும் காசு கொடுத்தேன். பட்டிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். மறுபடியும் கையில் திணித்தேன்.

அப்பா பையை வாங்கி ஜன்னல் பக்கமாகக் கொண்டுபோனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கட்டைவிரலால் தையலைக் கடைசிவரைக்கும் தடவிக்கொண்டே போனார். நோட்டுக் கட்டு எண்ணின விரல். பிறகு மஞ்சள் பையில் இருந்த மாத்திரை, காகிதம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதனதன் அறைக்கு மாற்றினார். விசிலையும்.

"எத்தனை வருஷம் வரும்டா?"

"எண்ணெய் போட்டு வெச்சுக்கிட்டா பத்து வருஷம் வரும்பா."

எழுபத்தெட்டு வயசுக்காரர் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அப்ப இன்னும் ஒரு தரம் தைக்கணும்" என்றார். "மிச்ச நூலைப் பத்திரமா வை."

நாற்பது மீட்டர் இருக்கிறது. தேன்மெழுகோடு சேர்த்து ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு, பீரோவில் வைத்திருக்கிறேன்.